ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல், ஆனாலும் பிள்ளை மயங்கி விழுகிறது: 15 நிமிட ஓபியில் என்ன செய்வது?

தாலுகா_ஓபி கேட்டது:

தாலுகா அளவிலான அரசு மருத்துவமனை, குழந்தைகள் நல ஓபி. 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி. தொப்புளைச் சுற்றி வலி, மாதக்கணக்கில் தலைவலி, பள்ளியில் மயக்கம், 'ஃபிட்ஸ் மாதிரி' கை கால் உதறல் என்று ஏதாவது ஒன்றோடு வருகிறார்கள். வரும்போதே பை நிறைய ரிப்போர்ட். வயிற்று ஸ்கேன் இரண்டு முறை, தலைக்கு சி.டி., இ.இ.ஜி. என எல்லாம் எடுத்தாகிவிட்டது. வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோலும் டானிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். சிலருக்கு வலிப்பு மருந்தான ஃபெனிடாயின்கூட.

'உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, மனநல டாக்டரைப் பாருங்க' என்றதும் அம்மாவின் முகம் மாறிவிடுகிறது. அதன் பிறகு மனநலப் பிரிவுக்கும் போவதில்லை, குழந்தைகள் ஓபிக்கும் வருவதில்லை. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் வாரம் ஒருநாள்தான் வருகிறார்.

கேட்க வேண்டியவை: எந்தப் பரிசோதனையோடு நிறுத்தலாம்? கூட்டம் நிற்கும் ஓபியில் பிள்ளையிடம் தனியாகப் பேசுவது எப்படி? நோயை எந்த வார்த்தையில் சொல்வது? தற்கொலை எண்ணமோ பாலியல் துன்புறுத்தலோ வெளியே வந்தால் சட்டப்படி அடுத்த அடி என்ன? மனநல டாக்டர் பார்க்கும்வரை என்ன மருந்து தரலாம், எதைத் தரவே கூடாது?

மனநலப்_பிரிவு:

'ஒண்ணுமில்லை' என்ற சொல்லை முதலில் ஓபியை விட்டே எடுத்துவிடுங்கள். வலியில் துடித்த பிள்ளைக்கு அது 'நீ பொய் சொல்ற' என்று கேட்கும். அம்மாவுக்கு 'டாக்டருக்குக் கண்டுபிடிக்கத் தெரியல' என்று கேட்கும். அடுத்த ஸ்கேன் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பரிசோதனை. ஹீமோகுளோபின், முழு ரத்த எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி உண்டா என்று காட்டும் ரத்தச் சோதனை), சிறுநீர், மலம், உயரம், எடை. வயிற்று வலிக்கு பெரும்பாலும் இவை போதும். எடை குறைதல், வளர்ச்சியோ பூப்போ தள்ளிப்போதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளை விட்டு விலகிய ஓரிடத்து வலி, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், மூட்டு வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே தேடுங்கள். நம் ஊரில் குடல் காசநோயை மறக்கக் கூடாது. வயதுக்கு வந்த பெண்ணிடம் கடைசி மாதவிடாய்த் தேதியைத் தனியாகக் கேளுங்கள். தலைவலிக்கு பி.பி., கண் பார்வை, ஃபண்டஸ் (கண்ணின் உட்புறம்) மூன்றும் பார்க்காமல் அனுப்ப வேண்டாம். மைக்ரேனை மனக்கவலை என்று எழுதுவதும் தவறுதான். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அதற்கும் சிகிச்சை கொடுங்கள். ரத்தசோகையும் மனச்சுமையும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கலாம், ஒன்று கிடைத்துவிட்டதால் மற்றது இல்லை என்று ஆகாது.

பரிசோதனையை ஒரே தவணையில் முடித்து, 'இதோட போதும், ஏன் போதும்' என்று சொல்லிவிடுங்கள். வாரத்துக்கு ஒன்றாக எழுதிக்கொண்டே போனால், டாக்டருக்கே சந்தேகம் தீரவில்லை என்று வீட்டார் நினைப்பார்கள்.

மயக்கத்தில்தான் அதிகம் தவறுகிறோம். காலை பிரேயரில் நின்றுகொண்டிருக்கும்போது கண் இருட்டி, வியர்த்து, வெளுத்து விழுந்து, படுக்க வைத்ததும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்தால் அது சாதாரண மயக்கம். அதில் நாலைந்து உதறல் வருவதும் சகஜம், அதை வைத்து வலிப்பு என்று எழுதாதீர்கள். ஓடும்போது விழுந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தாலோ இதயம் பார்க்க வேண்டும். எப்படியிருந்தாலும் விழுந்த எல்லாப் பிள்ளைக்கும் ஒரு இ.சி.ஜி. எடுத்து க்யூ.டி. இடைவெளியை (இது நீண்டிருந்தால் இதயத் துடிப்புக் கோளாறு வரலாம்) அளந்துவிடுங்கள்.

டிசோசியேட்டிவ் வலிப்பில் (மூளையின் மின் கோளாறால் அல்லாமல், மனச்சுமை உடம்பில் உதறலாக வெளிப்படுவது; நடிப்பு அல்ல) கண் இறுக மூடியிருக்கும், திறக்கப் போனால் எதிர்க்கும். தலை பக்கவாட்டில் ஆடும். உதறல் கூடும், குறையும், நிற்கும், மறுபடி வரும். ஐந்து, பத்து நிமிடம் ஓடியும் உதடு நீலமாகாது. முடிந்ததும் அழுகை வரலாம், அல்லது சட்டென்று தெளிவாகப் பேசலாம். உண்மை வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், இரண்டு நிமிடத்துக்குள் முடியும், பிறகு குழம்பித் தூங்கும். நாக்கின் ஓரத்தில் கடி இருந்தால் வலிப்பின் பக்கம் சாயலாம். ஆனால் சிறுநீர் போனதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: தூக்கத்தில் வருவது, அரை நிமிடத்துக்குள் முடிவது, ஒவ்வொரு முறையும் ஒரே அச்சில் வருவது என்றால் முன்மூளை வலிப்பாக இருக்கலாம். பார்க்க விசித்திரமாக இருக்கிறது என்பதாலேயே 'இது உண்மை வலிப்பு இல்லை' என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டாரிடம் செல்போனில் வீடியோ எடுத்துவரச் சொல்லுங்கள். சாதாரண இ.இ.ஜி.யைவிட அது அதிகம் சொல்லும். வலிப்பே இல்லாத சில பிள்ளைகளுக்கும் இ.இ.ஜி.யில் மாற்றம் தெரிவதுண்டு. இரண்டு வகையும் ஒரே பிள்ளைக்கு வருவதும் உண்டு.

வார்டில் அப்படி வந்தால் நெஞ்செலும்பில் அழுத்துவது, நகத்தைக் கிள்ளுவது, அமோனியா காட்டுவது எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூட்டத்தை வெளியே அனுப்பி, ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து 'நீ பத்திரமா இருக்க, இது கொஞ்ச நேரத்துல நின்னுடும்' என்று நிதானமாகச் சொன்னால் போதும். டிசோசியேட்டிவ் என்று உறுதியான பிறகும் நரம்பில் டயஸிபாம் (வலிப்பை அடக்கும் மருந்து) மேல் டயஸிபாம் போட்டு மூச்சு குறைந்து ஐ.சி.யு.வுக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. முழுக்கத் தவிர்க்கக்கூடியது அது.

15 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: பெற்றோருடன் 3, பிள்ளையுடன் தனியாக 7, எல்லோரும் சேர்ந்து 5. 'இந்த வயசுப் பிள்ளைங்க எல்லாரையும் நான் கொஞ்ச நேரம் தனியாத்தான் பார்ப்பேன்' என்று வழக்கமாகச் சொன்னால் யாரும் தவறாக நினைப்பதில்லை. எடைச் சீட்டு வாங்கிவர அம்மாவை அனுப்பலாம். சிஸ்டர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கட்டும், காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். ஆண் டாக்டர் பெண் பிள்ளையைப் பார்க்கும்போது இது கட்டாயம்.

'என்ன பிரச்சினை?' என்று தொடங்கினால் 'ஒண்ணுமில்ல' என்றுதான் பதில் வரும். பக்கத்து பெஞ்சில் யார், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் என்று சுற்றி வாருங்கள். வலி திங்கள் காலையில் வருகிறதா, கோடை விடுமுறையில் வந்ததா என்று கேளுங்கள். பிறகு வீடு, பள்ளி, கேலி, செல்போன், காதல், குடி, புகை, உயிர் மேல் வெறுப்பு என்று எளிதிலிருந்து கடினத்துக்குப் போங்கள்.

இனி, சொல்லும் முறை. பொருத்தமான சொல் நம் பேச்சிலேயே இருக்கிறது. 'பயந்தா வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி இருக்குன்னு சொல்றோமில்ல? பதறினா கை ஓடல, கால் ஓடலன்னு சொல்றோமில்ல? அது பொய்யில்ல, உடம்புல நிஜமாவே நடக்குது. மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழியா பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. இவளுக்கு அந்தப் பேச்சு சத்தமா கேக்குது. வலி நிஜம், புண்ணு இல்ல, சரியாகும்.' அரை நிமிடம்தான் ஆகும். எந்த அம்மாவும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

தவிர்க்க வேண்டிய சொற்கள் மூன்று. 'நடிப்பு' கூடவே கூடாது. 'நரம்புத் தளர்ச்சி' வேண்டாம், சுவர் விளம்பரங்கள் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளை ஒட்டிவைத்திருக்கின்றன. 'ஹிஸ்டீரியா' என்று சீட்டில் எழுதவே எழுதாதீர்கள். 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்று சொல்ல வீட்டில் ஒருவராவது இருப்பார். அப்படிப் பேச்சு வந்தால், 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும், திருமணத்தால் இந்த நோய் தீராது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 'காத்து கருப்பு' என்று மந்திரிக்கப் போவதைக் கேலி செய்ய வேண்டாம், போனால் நம்மிடம் சொல்ல மாட்டார்கள். 'சாமி கும்பிடுங்க, ஆனா அடிக்கிறது, மிளகாய்ப் புகை போடுறது, பட்டினி போடுறது கூடாது' என்று எல்லை போடுங்கள்.

பள்ளி பற்றி ஒன்று: ஓய்வு என்று ஒரு மாதத்துக்கு மருத்துவச் சான்று எழுதிக் கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் பள்ளியை விட்டு விலகினாலே திரும்புவது கடினம். முதல் நாட்களில் இரண்டு பீரியட், அடுத்த வாரம் மதியம் வரை, பிறகு முழுநாள். பள்ளியில் வலி வந்தால் பத்து நிமிடம் ஆசிரியர் அறையில் படுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டும், வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி தலைமையாசிரியருக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒரே வகுப்பில் ஐந்தாறு பேர் அடுத்தடுத்து விழுந்தால், உணவு, தண்ணீர், வாயு என எதுவும் காரணமில்லை என்று பார்த்த பின், ஒருவரை ஒருவர் பார்க்காதபடி பிரித்து உட்கார வைப்பதுதான் முதல் சிகிச்சை.

வாசிப்பு_மேசை:

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்க வேண்டும். திங்கட்கிழமை வலிக்குப் பின்னால் வாசிக்க வராமை ஒளிந்திருப்பது மிக அதிகம். 8ஆம் வகுப்பு வரை தேக்கமில்லை (யாரையும் பெயிலாக்குவதில்லை) என்பதால் பிள்ளை பார்த்து எழுதியும் மனப்பாடம் செய்தும் வந்துவிடும். 9ஆம் வகுப்பில் பாடம் கனக்கும், பொதுத் தேர்வைச் சொல்லிச் சொல்லி வகுப்பில் நிற்க வைப்பார்கள். மயக்கமும் அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. 'முன்னாடி நல்லாத்தான் படிச்சா' என்று வீட்டில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓபியிலேயே ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். பிள்ளை படிக்கும் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள தமிழ்ப் பாடநூலில் பழகாத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்று கொடுங்கள். ல, ள, ழ குழப்பத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, உச்சரிப்பில் பிரிக்காதவர்கள் எல்லோருமே அதைத் தவறாகத்தான் எழுதுவார்கள். கவனிக்க வேண்டியது வேறு: கொ, கோ, கெ, கே குறிகள் இடம் மாறுவது, புள்ளி விடுபடுவது, நீண்ட சொல்லின் நடு எழுத்து விழுந்துபோவது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்து வாசிப்பது. எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியில் சோதிக்க வேண்டும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையிடம் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து குறைபாடு என்று எழுதினால் அது பயிற்சிக் குறையை நோயாக்குவதாகும். அதற்கும் முன்னால் கண், காது இரண்டையும் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் மருத்துவக் கல்லூரியில் உள்ள டி.இ.ஐ.சி.க்கு (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட மையம்) எழுதுங்கள். 18 வயது வரை பார்ப்பார்கள். பெயரில் 'மனநலம்' இல்லாததால் குடும்பம் தயங்காமல் போகும் என்பது கூடுதல் வசதி. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. சான்று 8 வயதுக்கு மேல்தான். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கியபின் ஓடினால் கிடைக்காது, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எஸ்.டி.க்யூ. (பிள்ளையின் நடத்தை, உணர்வு பற்றிய) வினாத்தாள் பற்றி யாராவது கேட்பீர்கள். 25 வாக்கியம், தமிழிலும் இருக்கிறது. படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் எல்லாவற்றுக்கும் 'ஓரளவு உண்மை' என்றே பதில் வரும், மொத்த எண் அர்த்தமில்லாமல் உயரும். வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துப் போட்ட வெட்டு மதிப்பெண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். 'அதிகமாகக் கவலைப்படுகிறான்' என்பதில் குறி போட்டிருந்தால், 'எதைப் பத்தி?' என்று பேச்சைத் தொடங்க அந்தத் தாள் உதவும். அதுதான் அதன் பயன்.

வார்டு_சமூகப்பணி:

ரகசியமும் சட்டமும் என் பகுதி.

தனியாக உட்கார்ந்ததும், கேள்விக்கு முன்னால், இதைச் சொல்லுங்கள்: 'நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும். உன் உயிருக்கு ஆபத்து, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்து, உன்னை யாராவது தப்பா தொடுறது இந்த மூணுல மட்டும் உன்னைப் பாதுகாக்க நான் மத்தவங்ககிட்ட சொல்ல வேண்டியிருக்கும். யார்கிட்ட சொல்றேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.' 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரிடமும் வாய் திறக்காது.

தற்கொலை எண்ணத்தைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை, சுமை இறங்குகிறது. படிப்படியாகக் கேளுங்கள். 'ரொம்பக் கஷ்டமா இருக்கும்போது சில பிள்ளைங்களுக்குத் தூங்கி எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணும். உனக்குத் தோணிருக்கா?' ஆம் என்றால், 'செத்துப் போயிடணும்னு?' பிறகு, 'எப்படின்னு யோசிச்சியா?' 'முன்னாடி ஏதாவது செஞ்சிருக்கியா?' 'இப்போ, இந்த நிமிஷம் அந்த எண்ணம் இருக்கா?' கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடக் கூடாது, அன்றே மனநல டாக்டர் பார்க்க வேண்டும். 'அப்பா அம்மாவைப் பத்தி நினைச்சியா?' என்று கேட்பதும், இனி செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்குவதும் பயனற்றவை. குற்ற உணர்வுதான் கூடும்.

இன்றைக்கு எண்ணம் இல்லை, ஆனால் முன்பு இருந்தது என்றால், வீட்டில் பூச்சிமருந்து, எலி பேஸ்ட், மாத்திரை எங்கே இருக்கிறது என்று பெரியவரிடம் கேளுங்கள். 'ஒளிச்சு வெச்சுக்கோங்க' என்றால் போதாது, ஒளித்த இடம் பிள்ளைக்குத் தெரியும். வீட்டை விட்டே அகற்ற வேண்டும், முடியாவிட்டால் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வயதில் முடிவு பெரும்பாலும் சில நிமிட ஆவேசத்தில் நடப்பது. கைக்கு எட்டாமல் செய்தால் அந்த நிமிடம் கடந்துபோகும். எலி பேஸ்ட் சாப்பிட்டதாகச் சொல்லும் பிள்ளை முதல் நாள் தெம்பாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், ஈரல் பாதிப்பு நாட்கள் கழித்துத்தான் தெரியும்.

முயற்சி செய்த பிள்ளையின் குடும்பம் போலீஸ் என்றதும் ஓடப் பார்க்கும். 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றச் சட்டத்தில், தற்கொலை முயற்சியையே பொதுவாகக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு போன்றது இல்லை. மெடிகோ-லீகல் பதிவு மருத்துவமனை நடைமுறை, பிள்ளை மேல் வழக்கு அல்ல என்று விளக்கினால் நடுராத்திரியில் சொல்லாமல் கூட்டிப் போவது குறையும்.

பாலியல் துன்புறுத்தல். 2012 போக்சோ சட்டப்படி 18-க்குக் கீழே எல்லோரும் குழந்தை. தெரிந்ததும் போலீஸுக்குச் சொல்ல வேண்டியது 19ஆம் பிரிவின் கடமை. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. 'குடும்ப மானம், நாங்களே பேசித் தீர்த்துக்கறோம்' என்று எவ்வளவு கெஞ்சினாலும் இதில் டாக்டருக்கு விருப்ப உரிமை இல்லை. 16, 17 வயதுக் காதல் உறவுக்கும் இதே சட்டம்தான். கருக்கலைப்புக்கு வரும்போது மட்டும், பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் தரும் தகவலில் பெயரும் அடையாளமும் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சிகிச்சை முதலில். எஃப்.ஐ.ஆர். வந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லக் கூடாது, போக்சோ விதியே தடுக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அவசரக் கருத்தடையும் சீக்கிரம். பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். பிள்ளை சொன்ன சொல்லை அதே சொல்லாகக் குறியுங்கள், உங்கள் மொழிக்கு மாற்றாதீர்கள். விவரம் தோண்ட வேண்டாம், விசாரணை நம் வேலையில்லை. 'ஏன் அப்பவே சொல்லல?' என்று கேட்கவே கூடாது. கேட்க வேண்டியது ஒன்று உண்டு: 'அந்த ஆள் இப்போ உன் வீட்டுலயா இருக்கார்?' ஆம் என்றால் அன்றிரவு பிள்ளை அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. 1098-க்கு அழையுங்கள், வார்டில் சேர்த்துவிடுங்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும்.

மனநல வார்டில் சேர்ப்பதென்றால் 2017 மனநலச் சட்டத்தின் 87ஆம் பிரிவு: பாதுகாவலர் விண்ணப்பம், இரண்டு பேரின் தனித்தனிப் பரிசோதனை (ஒருவர் மனநல மருத்துவர்), 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல், பெரியவர்கள் வார்டில் படுக்கை போடக் கூடாது.

வடக்கு_கிளினிக்:

யாழ்ப்பாணப் பக்கத்து நிலைமையையும் எழுதுகிறேன். இங்கே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வந்தால் 10 வயதுப் பிள்ளைகளே வயிற்றுக்குத்து, சத்தி (வாந்தி) என்று கிளினிக்குக்கு வருவார்கள். அவர்களை ஹெட்ஸ் முறையில் (வீடு, பள்ளி, பழக்கம், உயிர் மேல் வெறுப்பு என்று மேலே சொன்ன வரிசையில்) கேட்க முடியாது. ஒரு தாளில் வீட்டையும் பள்ளியையும் கீறச் சொல்லி, 'வயிறு எங்க நிக்கேக்க நோகுது?' என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

கைக்கு எட்டாமல் செய்வதன் பலனுக்கு இலங்கையே சாட்சி. 1995இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளை 1995 தொடக்கம் படிப்படியாகத் தடை செய்தபின் அது பெரிதும் இறங்கியது. இப்போது பிள்ளைகள் எடுப்பது பெரும்பாலும் பனடோல் (பாரசிட்டமால்). முதல் நாள் ஒன்றும் தெரியாது, வீட்டுக்காரரும் 'பனடோல்தானே' என்பார்கள். எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு என்று கேட்டு, 8 மணித்தியாலத்துக்குள் நச்சு முறிவு மருந்து தொடங்கினால் ஈரல் தப்பும். இங்கே பிள்ளைகளுக்கு 1929, மனநல உதவிக்கு 1926.

தாலுகா_ஓபி:

நன்றி. மருந்துப் பகுதி மட்டும் நிற்கிறது. வெறும் பேச்சோடு அனுப்பினால் 'மாத்திரையே எழுதல' என்று வீட்டார் திருப்தியில்லாமல் போகிறார்கள். குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிக் கேட்கிறார்கள். ஏற்கெனவே ஃபெனிடாயினில் இருக்கும் பிள்ளைக்கு வீடியோ பார்த்து டிசோசியேட்டிவ் என்று தெரிந்தால் அதை நிறுத்திவிடலாமா?

மனநலப்_பிரிவு:

நிறுத்தாதீர்கள், அதாவது உடனே. நரம்பியல் டாக்டர் அந்த வீடியோவைப் பார்த்துச் சரி என்ற பிறகு, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் உண்மை வலிப்பு உள்ள பிள்ளைக்குத் தொடர் வலிப்பு வரலாம். ஓடுவது வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து என்றால் நரம்பியல் டாக்டரிடம் இன்னும் அவசரமாகக் கேளுங்கள். தேவையில்லாமல் அது ஒரு பெண் பிள்ளைக்கு ஓடக் கூடாது, பின்னாளில் கருவைப் பாதிக்கும் மருந்து.

குளுக்கோஸ் வேண்டாம். ஒருமுறை ஏற்றிச் சரியானால் அடுத்த மயக்கத்துக்கும் அதுதான் மருந்து என்று குடும்பம் கற்றுக்கொள்ளும். பி காம்ப்ளெக்ஸ் ஊசியும் அப்படித்தான். மாத்திரைக்குப் பதிலாகக் கையில் ஒரு வேலையைக் கொடுத்தனுப்புங்கள்: 14 நாள் குறிப்பு. வலி எத்தனை மணிக்கு, 10-க்கு எவ்வளவு, அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு வீட்டில் என்ன செய்தார்கள். கூடவே மூச்சுப் பயிற்சி: நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது, ஐந்து நிமிடம், காலையும் இரவும், வலி இல்லாதபோதே பழக வேண்டும். வலி வந்தபின் முதல்முறையாகச் செய்தால் பயன்படாது, 'அதுவும் கேக்கல' என்று முடிந்துவிடும்.

பதற்றத்தைக் குறைக்கும் அல்ப்ரசோலாம், குளோனசிபாம் மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுக்கக் கூடாது. பழக்கமாகும், படிப்பும் மந்தமாகும். வயிற்று வலிக்கு, பழைய மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் எழுதும் வழக்கம் இருக்கிறது. உயிர் மேல் வெறுப்புள்ள பிள்ளை வீட்டில் அந்த அட்டை இருப்பது எனக்குச் சம்மதமில்லை, அளவு மீறினால் இதயத்தைப் பிடிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு, படபடப்புக்கும் மைக்ரேனுக்கும் எழுதும் பிரோப்ரனலால் வேண்டாம்.

டிசோசியேட்டிவ் நோய்க்கென்று மாத்திரை கிடையாது. கூடவே மிதமானதோ தீவிரமானதோ மனச்சோர்வு இருந்தால் அதற்கான ஃப்ளூவாக்ஸிடின் காலையில் 10 மி.கி., ஒன்றிரண்டு வாரம் கழித்து 20. அது உடலில் நெடுநேரம் நிற்கும் மருந்து என்பதால் 10 கிடைக்காவிட்டால் 20 மி.கி. காப்ஸ்யூலை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். தொடங்கும் முன் குடும்பத்தில் பைபோலார் உண்டா, பிள்ளைக்கு எப்போதாவது தூக்கமே தேவைப்படாத அதீத உற்சாகம் வந்ததா என்று கேட்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை, புதிதாகத் தற்கொலை எண்ணம் வந்தால் அன்றே வரச் சொல்லுங்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை மருந்தின் தகவல் தாளிலேயே உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரையைக் கையில் கொடுக்காதீர்கள், அட்டை பெரியவரிடம் இருக்கட்டும். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். சரியானபின்னும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் மனநல டாக்டரிடம் போனில் பேசிவிட்டுத் தொடங்குங்கள். குடும்பத்துக்கு 14416 எண்ணை எழுதிக் கொடுங்கள், டெலிமானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. 40 பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். அத்தனை பேரையும் வாரம் ஒருநாள் வரும் டாக்டர் பார்க்க முடியாது, பெரும்பாலானவர்களை நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள். அதனால் அனுப்பும்போதும் கைகழுவியதுபோல் அனுப்ப வேண்டாம். 'இவர் எங்களோட சேர்ந்து வேலை பார்க்கிறவர், ரெண்டு பேருமா சேர்ந்து பார்க்கப் போறோம்' என்று சொல்லுங்கள். அவர் செவ்வாய்க்கிழமை வருகிறார் என்றால் உங்கள் மறுபரிசோதனைத் தேதியையும் செவ்வாயிலேயே போடுங்கள். ஒரே பஸ் செலவு, ஒரே நாள் கூலி இழப்பு. அதே ஓபி சீட்டில் எழுதுங்கள், புதுச் சீட்டு வேண்டாம். முதல் முறை மட்டும் சிஸ்டர் யாராவது அந்த அறை வரை கூடவே நடந்து போய் விட்டுவரட்டும்.